பத்து எழுத்தும் ஒரு எண்டரும்

பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பவர் கேபிளையும் பிடுங்கி ஓரமாகச் சுருட்டிப் போட்டிருந்தான். மறுபடி எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும், பாஸ்வேர்டு கேட்கும் அந்த நீலத் திரை வந்து நின்றது. அதன் மேல் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு, இன்றைய தேதி, காலை பத்து நாற்பத்திரண்டு. அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விநாடி வரைக்கும் சரியாக இருந்தது.

சரியாக இருந்திருக்கவே கூடாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் நாள் கிழமையை எண்ணுவதும், தொடக்கத்தில் கேட்கிற பாஸ்வேர்டை நினைவில் வைத்திருப்பதும் அதன் வேலை. அதைப் பிடுங்கிப்போட்டால் எல்லாம் மறந்துவிடும். தான் செய்யப்பட்ட வருஷத்தின் முதல் தேதி என்று உளறும், பாஸ்வேர்டே கேட்காமல் வாயைப் பிளந்து திறந்துகொள்ளும். இருபது வருஷத் தொழிலில் உளறாத பெட்டியை அவன் பார்த்ததில்லை. இது உளறவில்லை, திறக்கவும் இல்லை. அரை மணி நேரம் இருட்டில், கரண்டும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல், யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு விநாடியாக எண்ணியிருக்க வேண்டும்.

குப்பை மதர்போர்டு என்று சொல்லிக்கொண்டான். எங்கேயோ கொஞ்சம் கரண்ட் தேங்கி நின்றிருக்கும். எதற்கும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும், அந்தக் காரணத்தின் கடைசியில் எப்போதும் வேறு யாராவது ஒருவரின் முட்டாள்தனம் இருக்கும். இந்தத் தடவை அதைச் செய்த தொழிற்சாலைக்காரன்.

அது உடம்புத் திசுவைச் சோதித்து முடிவு சொல்லும் ஒரு லேப். மூன்று மாடி, நாற்பது கம்ப்யூட்டர். அத்தனையையும் கட்டி மேய்ப்பது இவன். முகத்துக்கு நேராக எல்லாரும் ‘சிஸ்டம் சார்’ என்பார்கள். அவன் அந்தப் பக்கம் போனதும் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. அவனைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், அதாவது அவன். மற்ற எல்லாரும்.

மற்ற எல்லாருக்கும் அவன் ஒரே பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தான். ‘நான் முட்டாள்’ என்பதை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பத்து எழுத்து, ஒரு எண்டர். அத்தனை பேரும் தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும், வேலையைத் தொடங்கும் முன்னால், தாங்கள் யாரென்று தங்கள் விரலாலேயே ஒப்புக்கொண்டாக வேண்டும். சிலர் சிரித்துக்கொண்டே அடித்தார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள். டாக்டர்களின் பெட்டிகளுக்கு மட்டும் வேறு பாஸ்வேர்டு. வீரத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா.

இந்த ரெகார்ட் ரூம் பெட்டியில் வேலை பார்த்தவளை அவன் ‘இரண்டு விரல்’ என்பான். ஐம்பது வயதைத் தாண்டிய டைப்பிஸ்ட். ஆள்காட்டி விரல் இரண்டை மட்டும் நீட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் முதன்முதலாகப் பார்ப்பவள்போலத் தேடித் தேடி அடிப்பாள்; கடைசியில் எண்டர் பொத்தானைக் கட்டைவிரலால் மடாரென்று போடுவாள். சாப்பாட்டு நேரத்தில் அவளைப்போல நடித்துக் காட்டுவதற்கென்றே அவனுக்கு ஒரு கூட்டம் இருந்தது. ஆறு வருஷம் அடுத்தடுத்த அறையில் இருந்தும் அவளுடைய பெயர் அவனுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டான்.

பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை, அவள் மூன்று தடவை தப்பாக அடித்துப் பெட்டி பூட்டிக்கொண்டது. போன் பண்ணிக் கூப்பிட்டாள். அவன் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். மத்தியானம் வந்து, வாசலில் நாலு பேர் நிற்கும்போது, அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்னதான் அடிக்கிறீங்க? சத்தமா சொல்லிக்கிட்டே அடிங்க, எங்க தப்புன்னு பார்க்கறேன்.”

அவள் ஆள்காட்டி விரல் இரண்டையும் நீட்டினாள். பிறகு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தியபடி, நாலு பேர் கேட்கும்படியாக, நான் முட்டாள் என்றாள். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டி திறந்துகொண்டது. கெட்டுப்போன அரை நாள் வேலையை முடிப்பதற்காக அன்றைக்கு எல்லாரும் போனபிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் பெருக்க வந்த அம்மா கதவைத் திறந்தபோது அதே நாற்காலியில் அப்படியே இருந்தாள், உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள். செய்தி கேட்டபோது அவன் வருத்தப்பட்டான் என்று சொன்னால் பொய். கீபோர்டு நன்றாக இருக்கிறதா, மாற்ற வேண்டுமா என்று மட்டும் விசாரித்தான்.

இன்றைக்கு அவனே இங்கே வந்து மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அவன் மனைவியின் கழுத்து. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். இரண்டு மாதமாகக் கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் திசு எடுத்து, சொந்த லேப்தானே என்று இங்கேயே கொடுத்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். சாதாரணக் கட்டி என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பிவிடுவார்கள். புற்று என்றால் மொத்தமாக வெட்ட வேண்டும், குரல் நரம்பும் போகலாம், உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல மாட்டார்கள். இன்றைக்குள் முடிவு வேண்டும், அது கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அவர் நாளையை விட்டால் ஒரு மாதம் ஊரில் இல்லை.

லேப்பில் ஸ்லைடு பார்த்து முடிவு சொல்கிற ஒரே டாக்டரோ, அந்தப் புதன்கிழமை மாலை முடிவுகளை வாயால் சொல்லி டைப் பண்ணச் சொல்லிவிட்டு, அப்படியே வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். அன்றைக்கு நாற்பது ஸ்லைடு பார்த்தேன், எது யாருடையது என்று நினைவில்லை, டைப் பண்ணி வைத்திருப்பாளே பார் என்றார் போனில். பார் என்றால் எதைப் பார்ப்பது? பெட்டி திறந்தால்தானே. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போடலாம் என்றால், எந்த டிஸ்க்கும் அதனதன் போர்டில் அல்லாமல் வேறெங்கும் திறக்காதபடி போன வருஷம் பூட்டுப் போட்டுவிட்டு, நிர்வாகத்திடம் கைதட்டல் வாங்கியவனும் இவனேதான்.

மனைவி இரண்டு நாளாகத் தூங்கவில்லை. காலையில் கிளம்பும்போது வாசல்வரை வந்து, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க” என்றாள். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டு வந்தான். ஆனால் வண்டியை வழியெல்லாம் வேகமாக ஓட்டினான். அவளைத் தவிர அவனுக்குச் சொந்தம் என்று சொல்ல ஆள் கிடையாது. அவனோடு முகம் சுளிக்காமல் ஒரு வேளைச் சோறு சாப்பிடக்கூடிய ஒரே ஜீவன் அவள்தான். அது அவனுக்கே தெரியும்.

கீழே சாவி கொடுத்த காவலாளி ஒரு விஷயம் சொன்னான். பத்து நாளாக அந்த அறையை யாரும் திறக்கவில்லை, ஆனாலும் காலையில் எட்டே முக்கால் வாக்கில் உள்ளே டக் டக்கென்று கேட்கிறது, எலி புகுந்திருக்கும் என்றான். எலிக்கு எட்டே முக்கால் என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு இவன் மாடியேறினான். தன் பேச்சைத் தானே ரசித்துக்கொண்டு ஏறினான்.

வந்ததும் முதலில் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தான். பத்து விரலாலும், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விநாடியில். தப்பு என்றது. இன்னொரு தடவை, தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு, திரை உறைந்துபோனது. அந்த மரமண்டை சாகும் முன்னால் மாற்றித் தொலைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். எப்படி மாற்றியிருப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கினால், அமைப்புகளுக்கு மேல்பூட்டு போடாமல் விட்டது தன் சோம்பேறித்தனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இந்த ஜனங்களுக்கு எஃப் டூ பொத்தானை அழுத்தி அமைப்புகளுக்குள் போகவா தெரியப்போகிறது என்றுதான் அதை விட்டிருந்தான்.

பிறகுதான் பேட்டரியைக் கழற்றினான். பிறகுதான் அந்தக் கடிகாரம்.

இரண்டாம் தடவை முறையாகச் செய்தான். கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துத் தேங்கிய கரண்டை எல்லாம் வடித்தான். பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போர்டின் மூலையில் மூன்று ஊசிகளும் அவற்றில் இரண்டைச் சேர்த்து மூடிய ஒரு நீலக் குல்லாவும் இருந்தன. ஜம்பர் என்பார்கள். அதை எடுத்து அடுத்த ஊசிக்கு மாற்றினால் போர்டுக்கு எந்த ஞாபகமும் மிஞ்சாது. மாற்றினான். ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும் என்று, மேஜைக்கு அடியிலேயே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஜன்னல் இல்லாத அறை அது. வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரே ஒரு குழல்விளக்கு. மூன்று சுவரிலும் கூரைவரைக்கும் காகிதக் கட்டுகள். அவற்றின் புளித்த வாடையோடு, பக்கத்து அறையில் திசுக்களை ஊறவைக்கும் மருந்தின் காரமும் சேர்ந்து மூக்கின் உள்ளே ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அது நின்றது, பிறகு குளிர்சாதனப் பெட்டி ஒன்று உறுமிவிட்டு அடங்கியது, அதற்குப் பிறகு தன் மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்காத அளவுக்கு அந்த மாடி முழுவதும் ஓய்ந்துபோனது. அப்போதுதான் அவன் தலைக்கு நேர் மேலே, மேஜைப் பலகையின் மறுபக்கத்தில், டக் என்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பலகையின் அடிப்பக்கம் தெரிந்தது, காய்ந்துபோன பசை தெரிந்தது.

கொஞ்சம் இடைவெளி. டக், டக். இடைவெளி. டக். இன்னும் நீண்ட இடைவெளி, ஏதோ ஓர் எழுத்து கண்ணில் படாமல் தேடுவதுபோல. டக். டக். டக், டக். டக். டக்.

மடார்.

கீபோர்டின் வயர் அவன் மடிமேல் கிடந்தது. அதை அவன்தான் பிடுங்கியிருந்தான். பத்து எழுத்து, ஒரு எண்டர். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணியிருந்தான்.

மேஜைக்கு அடியிலிருந்து நாற்காலியின் கால்கள் தெரிந்தன, சக்கரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் வேறு கால்கள் எதுவும் இல்லை. இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டான். பிறகு நாற்காலியின் ரெக்சின் மெத்தை, யாரோ எழுந்த பிறகு மெல்ல உப்பும் மெத்தையைப்போல, உஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டது.

அவன் எழுந்த வேகத்தில் மண்டை மேஜையில் இடித்தது. கதவுவரைக்கும் போய்விட்டான். கைப்பிடியில் கையும் வைத்துவிட்டான். அங்கே நின்றுகொண்டு, அழுக்கு பிடித்த அந்தக் கதவைப் பார்த்தபடி, மனைவி சட்டைக் கையைப் பிடித்ததை நினைத்தான். எலி என்று சத்தமாகச் சொன்னான். ரெக்சின் என்றால் வெயிலுக்கு விரியத்தான் செய்யும் என்றான். ஜன்னலே இல்லாத அறையில் வெயிலைப் பற்றிப் பேசுகிறோமே என்று உறைத்தது. படித்தவன் என்கிற தலைக்கனம் அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது. அந்தத் தலைக்கனம் இல்லாத ஒரு சாதாரண ஆளாக இருந்திருந்தால் அந்த நேரத்துக்குப் படியிறங்கி ஓடியிருப்பான்.

ஒரு மணி நேரம் முடிந்தது. ஜம்பரைப் பழைய இடத்தில் வைத்தான், பேட்டரியைப் போட்டான், கேபிள், கீபோர்டு எல்லாம் மாட்டினான். பொத்தானை அழுத்தினான். நீலத் திரை. பன்னிரண்டு மூன்று. விநாடிவரைக்கும் சரி. பாஸ்வேர்டு வேண்டும்.

அவன் கோபத்தில் பத்து விரலாலும் படபடவென்று அடித்தான். தப்பு. மறுபடி. தப்பு. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். மேஜைக்கு அடியில் கேட்டது காதிலேயே இருந்தது. எழுத்து மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை. அவன் அடித்த விதம்தான் மாறியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தான். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு விரலையும் மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரல் இரண்டை மட்டும் நீட்டினான். சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை செய்து சிரிக்கவைத்தது அல்லவா, கை தானாக வந்தது. முதல் எழுத்து. கொஞ்சம் தேடுவதுபோல இடைவெளி. அடுத்த இரண்டு. இடைவெளி. அவள் எங்கே தயங்குவாள் என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. பத்தாவது எழுத்து முடிந்ததும் கட்டைவிரலால் எண்டரை மடாரென்று போட்டான்.

பெட்டி திறந்துகொண்டது.

அவன் சிரித்தான். சத்துக் கெட்ட கீபோர்டு, வேகமாக அடித்தால் எழுத்தை விழுங்குகிறது, வேறொன்றும் இல்லை. நிம்மதியில் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. மனைவியின் பெயரைத் தேடினான், கோப்பு வந்தது, திறந்தான்.

மேலே அவள் பெயர், வயது, எண். நடுவில் நிரப்பாத கட்டங்கள். அடியில், நோயாளிக்கென்று தமிழில் எழுதும் ஒற்றை வரி. முடிவு வரியை முதலில் அடித்துவிட்டு மற்றதை அப்புறம் நிரப்புவது அந்த டைப்பிஸ்ட்டின் பழக்கம். எது பிசகினாலும் அது பிசகக் கூடாது என்பாளாம். அதை அடிக்கும்போதுதான் உயிர் போயிருக்கிறது.

‘பரிசோதித்த திசுவில் புற்றுநோய் இ’

அதற்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

இ. அவன் அந்த எழுத்தையே பார்த்தான். இல்லை என்றாலும் அந்த எழுத்துதான். இருக்கிறது என்றாலும் அந்த எழுத்துதான். அடுத்த எழுத்தை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு நினைவில்லை.

டக்.

அவன் கை இரண்டும் மடியில் இருந்தன. கீபோர்டில் ஒரு பொத்தான் உள்ளே போய் மேலே வந்தது. திரையில் இ-க்குப் பக்கத்தில் ஓர் எழுத்து முளைத்தது. ரு. பிறகு, கொஞ்சம் தேடி, க். பிறகு கி.

வேண்டாம் என்றான். பாய்ந்து அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். இ-வரைக்கும் அழிந்தது. தானே இல்லை என்று அடித்தான், சேமித்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தது. இ மட்டும் நின்றது. பிறகு நடுத்திரையில், எந்தக் கோப்பின் மேலும் வரக்கூடாத அந்த நீலப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பாஸ்வேர்டு.

இரண்டு விரலால் அடித்தான். பத்து எழுத்து. மடார். இ-க்குப் பக்கத்தில் ல் வந்தது.

மறுபடி நீலப் பெட்டி. மறுபடி அடித்தான். லை.

இல்லை.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்துவிடலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டான். நீலப் பெட்டி காத்திருந்தது. போன் கைக்கு வருவதற்குள் லை போயிற்று. ல் போயிற்று. டக் என்று ரு வந்தது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் எறிந்துவிட்டு இரண்டு விரலையும் பொத்தான்களில் வைத்தான்.

“என்னங்க. எனக்கு என்னமோ பண்ணுதுங்க. கட்டி திடீர்னு பெருசாயிருக்கு. இப்பத்தான், இந்த நிமிஷம். விழுங்க முடியல.”

அவன் அடித்தான். எண்டர். ரு மறைந்து ல் வந்தது. அடித்தான். எண்டர். லை.

போனில் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள், “இல்லைங்க.”

“என்ன இல்ல?”

“கட்டி. கைய வெச்சுப் பார்க்கறேன், இல்லவே இல்ல. எப்படிங்க? வழவழன்னு இருக்கு.” அவள் அழுதாள், சிரித்தாள். ரிப்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறது, நல்ல முடிவுதானே, அதைப் பார்த்துவிட்டுத்தானே பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். விரல் நின்றது. இரண்டு விநாடிதான் இருக்கும்.

போனில் அவள் குரல் பாதி வார்த்தையில் அடைத்துக்கொண்டது.

அடி. அடி. எண்டர். இல். எண்டர். இல்லை.

அவள் இருமினாள், மூச்சு வாங்கினாள். போய் வருகிறது, வந்து போகிறது, பயமாக இருக்கிறது, வீட்டுக்கு வாங்க என்றாள். அது என்ன சத்தம், டக் டக்கென்று, யார் உங்கள் பக்கத்தில் என்றும் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. சொன்னால் எழுத்து பிசகிவிடும். ஒரு தடவை பிசகியே விட்டது, தப்பு என்றது. இன்னும் இரண்டு தப்புதான் மிச்சம் என்று திரை சொல்லவில்லை. அந்தக் கணக்கை அவனே எழுதிப்போட்டவன்.

நாற்பது தடவை. ஐம்பது தடவை. பிறகு எண்ணவில்லை. இடது நகம் பிளந்து ஒரு பொத்தானில் ரத்தம் பிசுபிசுத்தது. திரையில் ‘இல்லை’ நின்றது. முற்றுப்புள்ளி வரவில்லை. செத்தவள் முற்றுப்புள்ளி வைக்கப்போவதில்லை.

அவனுக்கு ஒரு யோசனை மிச்சம் இருந்தது. தொழில் தெரிந்தவனின் கடைசி யோசனை. வரி சரியாக இருக்கும் நேரத்தில் கரண்டைப் பிடுங்கிவிட்டால் அந்த வரி அப்படியே நின்றுவிடும். அடித்துக்கொண்டே, காலை மேஜைக்கு அடியில் நீட்டித் துழாவினான். கேபிள் கணுக்காலில் பட்டது. பத்தாவது எழுத்து. எண்டர். இல்லை.

உதைத்தான்.

மேஜைக்கு அடியில் சுவிட்ச் பெட்டியே பெயர்ந்து விழுந்தது. நீலப் பொறி ஒன்று தெறித்தது. குழல்விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரின் விசிறி சுழன்று, தேய்ந்து, நின்றது. கும்மிருட்டு.

திரை அணையவில்லை.

இருட்டில் அது மட்டும் தனியாக எரிந்தது. அதற்குப் பின்னால் வயர் அறுந்து தொங்கியது. அந்த வெளிச்சத்தில் கீபோர்டு தெரிந்தது, அவன் கைகள் தெரிந்தன. மடக்கி வைத்திருந்த எட்டு விரல்களின் மேலும், பிரியாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேறு எட்டு விரல்கள் இருந்தன. சில்லென்று இருந்தன. ஆள்காட்டி விரல் இரண்டையும் மட்டும் அவனுக்கு விட்டுவைத்திருந்தன.

போனில் அவள், “என்னங்க, இருக்கீங்களா?” என்றாள்.

நீலப் பெட்டி வந்தது. அவன் முதல் எழுத்தைத் தேடினான்.